நாலாவது மணித்தியாலம்

கனாட்டாவில் மார்ச் வீதி.
ஜனவரியிலும் அதற்கு மார்ச் என்றுதான் பெயர்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
உள்ளே, வெப்ப அறையில்,
ஐம்பத்தைந்து பாகையில் வேகிறது
லூன்பேயின் புது ரூட்டர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
கோட் கழற்றாமல் நான்,
உலையில் கண் வைத்தவள் போல
எண்களைப் பார்த்தபடி.

வீட்டில் குகநேசன்
குசினி மேசையில் கட்டத் தாள் விரித்திருக்கிறார்.
நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் லூன்பே, அந்தப் பக்கம் ஓரிக்ஸ்.
வேகத்தில் லூன்பே இரட்டிப்பு.
வாடிக்கைக் கம்பனிகள் இதற்கு மூன்று,
அதற்கு நாற்பத்தொன்று.
லாபம் இதற்கு இல்லை,
அதற்கு இருக்கிறது, கறிக்கு உப்பளவு.
பங்கு விலை நூற்றுப் பத்தொன்பது டொலர்,
அது முப்பத்துநாலு.
'விற்பனையைப் போல அறுபது மடங்கு'
என்று எழுதி வட்டமிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.
பிறகு அதை அழித்திருந்தார்.
அழித்த இடம் மட்டும் தாளில் கொஞ்சம் மெலிந்திருந்தது.

சீட்டு எடுத்த காசு பதினெட்டாயிரம்
வங்கியில் சும்மா கிடக்கிறது.
"நீ உள்ளுக்குத்தானே நிக்கிறாய்,
சொல்லன், எது?"

நான் தேத்தண்ணிக்கு வெந்நீர் வைத்தேன்.

ஆறு பக்கக் கடுதாசியில் கையெழுத்து வைத்தவள் நான்.
கண்டதை வெளியே சொல்லக் கூடாது.
படுக்கையறையும் வெளிதான் என்று
வகுப்பெடுக்க வந்த பெண் சொன்னபோது
எல்லாரும் சிரித்தார்கள்,
நானும்.

கண்டது இவ்வளவுதான்:
நாலாவது மணித்தியாலம்
மூன்றாவது விசிறி களைக்கும்.
ஏழாவது கார்ட்டில் பொதிகள் விழத் தொடங்கும்,
பத்தாயிரத்தில் ஒன்று,
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால்
நூற்றில் ஒன்று.
தொலைந்த பொதி தான் தொலைந்ததைச் சொல்லாது.
அந்தக் கரையில் வந்து சேராததை வைத்து
இந்தக் கரையில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஓரிக்ஸ் பெட்டி ஒன்றையும் வாங்கி வேக வைத்தோம்.
மாவு மில் மாதிரிச் சத்தம்.
மெதுவாக, விடிய விடிய,
ஒன்றையும் விடாமல் கடத்தியது.
அந்த அறிக்கைக்கு
யாரும் பதில் போடவில்லை.

டொரொண்டோவில் இருந்து
பங்கு ஆய்வாளர்கள் வந்தார்கள், ஏழு பேர்.
நல்ல சப்பாத்துகள், ஓரத்தில் உப்புக் கறை.
மேலாளர் டெரிக் சொன்னபடி
மூன்று மணித்தியாலம் ஓட்டிக் காட்டினோம்.
பிறகு அவர்களுக்குச் சாப்பாடு.
அடுத்த நாள் விலை
பதினொரு டொலர் ஏறியது.

"சொல்லன்" என்றார் மறுபடியும்.
கேத்தில் கொதித்துத் தானாக நின்றது.

"வீட்டுக் கடனைக் கட்டுவம்" என்றேன்.

அது சட்டத்துக்குள்ளா வெளியிலா
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
அவர் என்னைப் பார்த்தார்,
பதினொரு வருஷத்தில் பார்க்காத நேரம் அவ்வளவும்
சேர்த்து வைத்துப் பார்த்தது போல.
ஏன் என்று கேட்கவில்லை.
தாளை நாலாக மடித்தார்,
குனிந்து
ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது.
ஸ்காபரோவில் இருந்து அவரின் தம்பி, பாலமுரளி.
வீட்டை ஈடு வைத்து
லூன்பே வாங்கியிருக்கிறானாம், நேற்று.
இன்றைக்கே ஏழு டொலர் கூடிவிட்டதாம்.
"அண்ணி, உங்கட கம்பனிதானே,
ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

பின்னால் அவன் பிள்ளைகள்
எதற்கோ சண்டை பிடிக்கிற சத்தம்
தெளிவாகக் கேட்டது.
லைன் நன்றாக இருந்தது.

இங்கே பனி முழங்காலுக்கு மேலே என்றேன்.
நாளைக்கும் கொட்டுமாம் என்றேன்.